டகரம்

குர்லா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு வாசலில்
மூன்றாவது குடை என்னுடையது.
அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
மழை சாய்ந்தடித்தால் பாலித்தீன் உறை
முதலில் டைப்ரைட்டருக்கு.

பியூன் வந்து கத்தினான்:
மதராஸி பாஷை யாருக்குத் தெரியும்?
வழக்கமாக வருகிறவர் லீவாம்.
ஆக்னஸ் சூசையம்மாள் என்று எழுதிக்கொண்டு
உள்ளது உள்ளபடி சொல்வதாக
சத்தியம் வாங்கினார்கள்.
கூட்டாதே, குறைக்காதே என்றார் கிளார்க்
உப்பு அளவு சொல்கிறவர் போல.

கூண்டில் வேடியப்பன்.
அரூர்ப் பக்கம். பம்பாய் வந்து நாலு மாசம்.
சாக்கிநாக்கா கோடவுனில் மூட்டை ஏற்றுகிறவன்.
பதினோரு கிலோ செம்புக் கம்பி, அதுதான் கேஸ்.
இலவச வக்கீல் கட்டைப் பிரித்ததே
அன்று காலை, டீக்கடையில்.
தாளில் ஒரு வட்டக் கறை இருந்தது.

வாட்ச்மேன் சாட்சி சொன்னான்:
"கம்பியை உடாயா என்று
இவனே என்னிடம் சொன்னான், சாப்."
களவாடினேன் என்று அர்த்தம்.

சொன்னாயா என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.
தமிழில் கேட்டேன்.
"சொன்னேங்க. வழியில கெடந்துச்சு,
கால்ல குத்துமேன்னு ஓரமா..."
அதற்குள் டைப் அடித்துவிட்டார்கள்:
சொன்னேன். முற்றுப்புள்ளி.

எனக்குக் காது சுட்டது.

எடுத்தேன் என்பதற்கு அந்த மொழியில் உள்ள டகரம்
கல் மாதிரி, மூச்சோடு விழ வேண்டும்.
வடை கடை படை என்று பழகிய நாக்கு
அங்கே போனதும் வழுக்கிவிடும்.
வழுக்கினால் திருட்டு.

கல்யாணமாகி வந்த வருஷம்
கொடியிலிருந்து விழுந்த பக்கத்து வீட்டுச் சேலையை
எடுத்து மடித்து வைத்திருக்கிறேன் என்று
அவளிடமே போய்ச் சொன்னேன்.
பதினைந்து நாள் சாலில் ஒருத்தியும்
என்னோடு பேசவில்லை.
ஏன் என்று எனக்குத் தெரிய
இரண்டு வருஷம் ஆனது.

கூட்டாதே, குறைக்காதே.
சரி.
ஏற்கெனவே குறைந்து வந்ததை என்ன செய்ய?

கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம்.
"மேடம், இன்னொரு தடவை கேளுங்க.
அவன் வாயால அந்த ஒரு வார்த்தையை."
அரசு வக்கீல் எழுந்தார். கிளார்க் முறைத்தார்.
சாப்பாட்டு நேரத்துக்கு ஏழு நிமிஷம்,
பட்டியலில் இன்னும் பத்தொன்பது கேஸ்.
அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

புழுக்கம் வந்து உட்கார்ந்தது.
மேசைப் பேனாவைத் தரையில் வைத்தார்.
எடுக்கச் சொல்லு. எடுத்ததை ஹிந்தியில் சொல்லச் சொல்லு.

குனிந்தான். விலங்கு அவனுக்கு முன்னால் தரையைத் தொட்டது.
பேனாவைக் காட்டிச் சொன்னான்: "உடாயா."
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
அந்தம்மா சிரிக்கவில்லை.
மறுபடி என்றார்.
"உடாயா, மேடம்."
மறுபடி.

மூன்று தடவை, அறை முழுக்க
ஒற்றை எழுத்துக்காக மூச்சடக்கி நின்றது.
பிறகு அவர் நெடுநேரம் எதையோ எழுதினார்.
இருபத்து மூன்றாம் தேதிக்கு வாய்தா.
ஃபேன் திரும்பச் சுற்றியது.

நடைவழியில் கான்ஸ்டபிள் இழுக்க இழுக்கத் திரும்பி,
"என்னக்கா சொன்னாங்க?" என்றான்.

"கேட்டாங்க" என்றேன்.

வேன் போய்விட்டது. தூறல்.
என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து
தலைக்கு மேலே பார்த்து
ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன்:
குடை.
நாக்கு எங்கே மடங்குகிறது என்று பார்க்க.